கயிலை மலைக்குப் பறவை பார்க்கப் போனவர்!

கயிலை மலைக்குப் போகிறவர்கள் எதற்காகப் போவார்கள்? சிவபெருமானைத் தரிசிக்கப் போவார்கள். மானசரோவர் ஏரியில் நீராடிப் புண்ணியம் தேடப் போவார்கள்.

ஆனால் 1945-ம் ஆண்டு கோடையில் அந்த மலைக்குப் போன ஒருவர், பறவைகளைப் பார்ப்பதற்காகப் போனார்!

அப்போது அவருக்கு வயது 48. ஒல்லியான உடம்பு. கழுத்திலே ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி. சட்டைப் பையிலே குறிப்புப் புத்தகம். கல்லூரிப் பட்டம் கிடையாது. நிலையான உத்தியோகம் கிடையாது. அன்பு மனைவியை இழந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்தான் சலீம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மேதை.

முகப்பேரில் மாடி வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தால், நாம் ஒரு நிமிடம் பார்ப்போம். பிறகு வேலையைக் கவனிக்கப் போய்விடுவோம். சலீம் அலியின் வாழ்க்கையோ ஒரு சிட்டுக்குருவியிலிருந்துதான் தொடங்கியது. அது அவரைக் கயிலை வரை கூட்டிக்கொண்டு போயிற்று!

தாய் தந்தை இல்லாத பிள்ளை

சலீம் அலி, 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பம். அவர்தான் கடைக்குட்டி.

அவருக்கு ஒரு வயதாகும்போது தந்தை இறந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

மாமாவுக்கு வேட்டையில் பிரியம். மருமகனுக்கு ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி கொடுத்தார். பையன் அதை வைத்துக்கொண்டு குருவி சுட்டுத் திரிந்தான்.

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவி, மற்றக் குருவிகளைப்போல் இல்லை. அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் திட்டு ஒன்று இருந்தது! பையனுக்கு ஆச்சரியம். மாமாவிடம் ஓடினான். அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டு வரும்படி அனுப்பிவைத்தார்.

அங்கே கழகத்தின் செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். பத்து வயதுச் சிறுவன் பயந்து பயந்து உள்ளே போனான். மில்லார்டு விரட்டவில்லை. குருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த அறைகளைத் திறந்து காட்டினார்.

நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா என்று சிறுவன் திகைத்துப் போனான். மில்லார்டு அவனுக்குப் புத்தகங்கள் கொடுத்தார்; பறவையின் தோலைப் பதப்படுத்திப் பாதுகாக்கும் வித்தையையும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

சலீம் அலியின் கல்வி அந்த அறைகளில்தான் தொடங்கியது எனலாம். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு அவ்வளவாக ஓடவில்லை. அடிக்கடி கடுமையான தலைவலி வரும். 1913-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பர்மாவுக்குப் போனார். அங்கே தவோய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரத்தைக் கவனிக்கப் போனவருக்கு, சுற்றிலும் இருந்த காட்டிலேதான் கண் இருந்தது. கடைசியில் வியாபாரம் நொடித்தது.

பட்டம் இல்லை, வேலை இல்லை!

1918-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் தெஹ்மினா. இங்கிலாந்தில் படித்தவர். வசதியாக வாழ்ந்தவர்.

பறவை ஆராய்ச்சி வேலைக்கு சலீம் அலி முயன்றார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் ஓர் இடம் இருந்தது. ஆனால் முறையான பட்டம் இல்லாததால் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து விடுமுறை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்டிரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பெயர் எழுதி அலமாரியில் வைப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது. உயிரோடு இருக்கும் பறவை எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பதை அங்கே கற்றுக்கொண்டார்.

1930-ல் ஊர் திரும்பினார். பணம் இல்லை என்று சொல்லி அவருடைய வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேறு ஒருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு எதிரே கடற்கரையில் உள்ள கிஹிம் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். பட்டணத்தைவிட அங்கே செலவு குறைவு.

தூக்கணாங்குருவியின் குடும்பக் கதை

அந்த வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலை இல்லாத மனிதர் மாதக்கணக்கில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு புதுமையைக் கண்டுபிடித்தார். ஆண் குருவிதான் கூடு கட்டுகிறது. பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து வீட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் உள்ளே குடிவருகிறது. ஆண், மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கிறது. பிறகு அது சும்மா இருப்பதில்லை. அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கிறது!

நம் ஊர் ஏரிக்கரைகளிலே பனைமரத்தில் தொங்கும் இந்தக் கூடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கூட்டுக்குள் இப்படி ஒரு குடும்பக் கதை இருக்கிறது என்பது, உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவருக்குத்தான் தெரிந்தது. சலீம் அலி எழுதிய கட்டுரை, உலக அறிஞர்களை அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தது.

சம்பளம் வேண்டாம்!

அக்காலத்தில் இந்தியாவில் பல சமஸ்தானங்கள் இருந்தன. அங்கே என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. சலீம் அலி ஒரு யோசனை சொன்னார். எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். முதலில் ஐதராபாத் சமஸ்தானம் ஒப்புக்கொண்டது.

1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கு வந்தார். நம் எல்லையை ஒட்டிய மூணாறு மலைகளிலும் அவர் கால் பட்டது. பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தில் அவர் கண்ட பறவைச் செல்வம் அவரை மலைக்கவைத்தது. 1983-ல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இன்று அதற்கு அவர் பெயர்தான்.

இந்தக் காட்டு வாழ்க்கையில் தெஹ்மினாவும் கூடவே இருந்தார். கூடாரத்தில் தங்கினார். மாட்டு வண்டியில் போனார். இங்கிலாந்தில் படித்த அந்த அம்மையாரின் துணையால் சலீம் அலியின் ஆங்கில நடையும் மெருகேறியது. பறவைகளைப் பற்றிப் பாமரரும் ரசிக்கும்படி அவர் எழுதியதற்கு மனைவியும் ஒரு காரணம்.

1939-ல் தெஹ்மினாவுக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து அவர் இறந்துவிட்டார்.

சலீம் அலி தனிமரம் ஆனார். பிள்ளைகள் இல்லை. அவருடைய சகோதரி தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. பெயர் தெரியாத பறவையை வண்ணப் படத்தைப் பார்த்தே இன்னது என்று கண்டுகொள்ளலாம். டேராடூன் சிறையில் இருந்த ஜவகர்லால் நேரு இந்தப் புத்தகத்தை மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பறவைகளை அதுவரை பெரிதாகக் கவனிக்காத இந்திரா, அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினார். அந்த விதை பிற்காலத்தில் பலன் கொடுத்தது.

கோடையில் ஏன் மலை ஏறவேண்டும்?

இப்போது கயிலைக்கு வருவோம்.

இமயமலையில் பறவை பார்க்க ஏற்ற காலம் கோடையின் தொடக்கம். நமக்குச் சித்திரை, வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே பனி உருகத் தொடங்கும். குளிருக்குப் பயந்து கீழே இறங்கியிருந்த பறவைகள் மறுபடி மேலே ஏறும். அங்கே கோடை மிகக் குறுகியது. அந்தச் சில வாரங்களுக்குள் ஜோடி சேரவேண்டும், கூடு கட்டவேண்டும், குஞ்சு பொரித்து வளர்க்கவேண்டும். அதனால் ஆண் பறவைகள் விடியற்காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். இலைகளுக்குள் மறைந்திருக்கும் பறவையையும் அதன் பாட்டு காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலம் பிறந்துவிட்டால் மூடுபனி சூழ்ந்துகொள்ளும், பாட்டும் குறைந்துவிடும்.

அந்தக் காலத்தில் குமாவோன் வழியாகக் கயிலைக்குப் போகிறவர்களுக்கு அல்மோரா நகரம்தான் வாசல். அங்கிருந்து இருநூறு மைலுக்கு மேல் நடக்கவேண்டும். காளி ஆற்றின் கரையோடு தார்ச்சுலா, கர்பியாங் ஆகிய ஊர்களைக் கடந்து, லிபுலேக் கணவாயில் ஏறி இறங்கினால் திபெத்து. அந்தக் கணவாயின் உயரம் 16,000 அடிக்கு மேல். நம் ஊட்டியின் தொட்டபெட்டா 8,650 அடிதான். தொட்டபெட்டாவின் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தாற்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும், கடலோரத்தில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பத்து அடி நடந்தால் நிற்கத் தோன்றும். தலை வலிக்கும். சிறு வயதிலிருந்தே தலைவலியோடு போராடியவர் துணிந்து அந்த வழியில் போனார்.

மலையில் ஏறுவது மாடிப்படி ஏறுவதுபோல. ஒவ்வொரு படிக்கும் ஒரு குடித்தனம். அடிவாரத்துச் சால மரக் காட்டில் இருக்கும் பறவைகள் வேறு. அதற்கு மேலே ஓக் மரமும் செந்நிறப் பூ பூக்கும் ரோடோடெண்டிரான் மரமும் நிறைந்த காட்டில் இருப்பவை வேறு. அதையும் தாண்டினால் மரமே இல்லாத புல்வெளி. பிறகு வெறும் கல்லும் காற்றும்தான். அங்கேயும் பறவைகள் உண்டு. மரமோ புதரோ இல்லாத திபெத்து மேட்டு நிலத்தில், சில சிறு பறவைகள் மலை முயல் தோண்டிய வளைக்குள் புகுந்து கூடு வைக்கின்றன!

அன்னப் பறவை எங்கே?

மானசரோவர் ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ராட்சத தால் என்ற இன்னொரு ஏரி. மானசரோவரில் அன்னப் பறவைகள் நீந்துவதாக நம் நாட்டுப் புராணங்களும் காவியங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்திருக்கின்றன.

அந்த வட்டாரத்து ஏரிகளில் கோடையில் வந்து குஞ்சு பொரிக்கும் பறவைகளில் ஒன்று, வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். புராணத்து அன்னம் இதுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு.

இந்தப் பறவையை நாம் அறியாதவர்கள் அல்ல. குளிர்காலத்தில் இது இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் வருகிறது! மனிதன் மூச்சுத் திணறும் உயரத்தில் இது சிறகடித்துப் பறக்கிறது. குறைந்த காற்றிலும் நிறையப் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இதன் இரத்தத்துக்கு இருக்கிறது. உடம்பில் சிறு கருவியைப் பொருத்தி ஆராய்ந்தபோது, 23,000 அடிக்கு மேலேயும் இது பறந்தது தெரியவந்தது. கயிலைச் சிகரத்தின் உயரமே சுமார் 22,000 அடிதான்!

சலீம் அலி இந்தப் பயணத்தைப் பற்றிப் பம்பாய்க் கழகத்தின் சஞ்சிகையில் 1946-ல் விரிவாக எழுதினார். அதன் தலைப்பிலேயே அவர் இதை ஒரு பறவையியல் யாத்திரை என்றுதான் குறிப்பிட்டார். யாத்திரை என்ற சொல்லை அவர் விளையாட்டுக்காகப் போட்டதாகத் தோன்றவில்லை. வேலை போயிற்று, வியாபாரம் போயிற்று, துணைவியும் போனார். பறவை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதைத் தேடித்தான் பக்தர்களின் பாதையில் அவரும் நடந்தார்.

நீலகிரிக்கும் இமயத்துக்கும் உறவு

மலைகளைச் சுற்றிய அனுபவத்தைக் கொண்டு 1949-ல் மலைப் பறவைகளைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அதே ஆண்டில் இன்னொரு புதிரையும் ஆராய்ந்தார்.

நம் ஆனைமலைக் காட்டில் இருவாச்சிப் பறவை இருக்கிறது. இமயமலைக் காட்டிலும் அதே பறவை இருக்கிறது. ஆனால் இடையிலே உள்ள ஆயிரம் மைல் சமவெளியில் அது கிடையாது! அப்படியானால் அங்கிருந்து இங்கே எப்படி வந்தது?

மத்திய இந்தியாவில் உள்ள சாத்பூரா மலைத்தொடர் ஒரு காலத்தில் அடர்ந்த ஈரக் காடாக இருந்திருக்கலாம். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் இமயத்து உயிரினங்கள் தெற்கே வந்தன என்று மீன் ஆராய்ச்சி நிபுணர் சுந்தர்லால் ஹோரா சொன்னார். பறவைகளைக் கொண்டு அந்தக் கருத்தை சலீம் அலி ஆராய்ந்து, ஆதரித்து எழுதினார். விஞ்ஞானிகள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒரு பறவையைப் பார்த்து ஒரு நாட்டின் பழைய காட்டையே ஊகிக்கலாம் என்று காட்டியது சாதாரண விஷயம் அல்ல.

எல்லாத் தேடலிலும் அவருக்கு வெற்றி கிடைத்துவிடவில்லை. இமயமலைக் காடை என்று ஒரு பறவை. 1876-க்குப் பிறகு அதை நிச்சயமாகப் பார்த்தவர் யாரும் இல்லை. சலீம் அலி அதையும் தேடினார், அகப்படவில்லை. இன்றுவரை அகப்படவில்லை.

துப்பாக்கியிலிருந்து வளையத்துக்கு

ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுடுவது அந்தக் காலத்து வழக்கம். சலீம் அலியும் சுட்டிருக்கிறார். அதை அவர் மறைத்ததில்லை. பிற்காலத்தில் முறை மாறியது. 1959-ல், பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, மறுபடி பறக்கவிடும் பெரிய திட்டத்தை அவருடைய கழகம் தொடங்கியது. அந்தப் பறவை வேறு எந்த நாட்டில் அகப்பட்டாலும், வளையத்தைப் பார்த்து பம்பாய்க்குத் தகவல் சொல்லலாம்.

நம் கோடியக்கரை இந்த ஆராய்ச்சிக்கு முக்கிய இடம் ஆயிற்று. 1967-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் சலீம் அலி முதன்மையானவர். ராஜஸ்தானத்து பரத்பூர் நீர்நிலையையும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்றவும் அவர் குரல் கொடுத்தார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் கைவிடப்பட்டபோது பிரதமராக இருந்தவர், சிறையிலிருந்து வந்த பறவைப் புத்தகத்தைப் படித்த அதே இந்திராதான்!

பட்டம் இல்லை என்று வேலை கிடைக்காமல் போனவருக்கு 1958-ல் அலிகார் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துப் பாகங்களில் பெரும் பறவை நூலை வெளியிட்டார். 1976-ல் கிடைத்த சர்வதேசப் பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கு நிதியாக வைத்தார். 1985-ல் மாநிலங்கள் அவையில் நியமன உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டில் வெளிவந்த அவருடைய சுயசரிதையின் பெயரிலும் ஒரு சிட்டுக்குருவி இருக்கிறது!

1987-ல், தொண்ணூறாவது வயதில் பம்பாயில் காலமானார்.

பாட்டு நிற்கவில்லை

1990-ல் கோவையை அடுத்த ஆனைக்கட்டியில், மலையடிவாரத்தில், அவர் பெயரால் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2009-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அருணாசலப் பிரதேசத்து உயர்ந்த மலைகளில் பறவை பார்த்துக்கொண்டு போனார்கள். அங்கே பூங்குருவி இனத்தில் ஒரு பறவை. மரம் இல்லாத பாறைப் பகுதியில் இருந்தது கரகரத்த குரலில் பாடியது. சற்றுக் கீழே காட்டுக்குள் இருந்தது இனிமையாகப் பாடியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பாட்டு மட்டும் வேறு.

பல ஆண்டுகள் ஆராய்ந்த பிறகு, காட்டில் பாடியது உலகம் அறியாத தனி இனம் என்று 2016-ல் அறிவித்தார்கள். அதன் விஞ்ஞானப் பெயரில் சலீம் அலியின் பெயரைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் இமயமலையில் அந்தப் பறவை பாடிக்கொண்டிருக்கிறது.

நாம் எல்லோரும் கயிலைக்குப் போகமுடியாது. போகவேண்டியதும் இல்லை. முகப்பேரிலிருந்து கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் எவ்வளவு தூரம்? குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கரையில் போய் நின்றால், கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாரையும் கண்ணில் படும். கையில் ஒரு நோட்டு இருந்தால் எழுதி வைக்கலாம்.

பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து, அது என்ன பறவை என்று கேட்கலாம். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அனுப்பிவையுங்கள். அந்த மாமா அன்று அப்படித்தான் செய்தார்!